முதலாளியின் லாச்சியில் தொழிலாளியின் கடப்பிதழ்

சுங்கை வே தடையற்ற வாணிப மண்டலத்தின் வாசலில் வேலை மாறும் நேரத்தில் பார்த்தால், பஸ்களில் ஏறி இறங்கும் தொழிலாளர்களில் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் மியன்மார் நாட்டவரும் நிறையவே இருப்பார்கள். 1970-களில் இங்கே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது, அந்த பஸ்களில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்திலிருந்து முதன்முதலாக மாதச் சம்பளத்துக்குப் போன பிள்ளைகள் அவர்கள். சம்பளம் குறைவு, இரவு வேலை, கண்ணைக் கெடுக்கும் மைக்ராஸ்கோப். தொழிற்சங்கம்கூட நீண்ட காலம் மறுக்கப்பட்டது. மின்னணுத் தொழிலாளர்கள் வட்டார அளவில் சங்கம் அமைக்க 2009-ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் வழிவிட்டது.

ஆனால் அந்தப் பெண்களிடம் ஒன்று இருந்தது. அடையாள அட்டை அவர்களின் கைப்பையில்தான் இருந்தது. சூப்பர்வைசர் தொல்லை தாங்கவில்லை என்றால் மறுவாரமே சுபாங்கிலோ ஷா ஆலாமிலோ வேறு தொழிற்சாலையில் சேர முடிந்தது. அதே இடத்தில் இன்று வேலை செய்யும் அந்நியத் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. பெர்மிட்டில் ஒரே முதலாளியின் பெயர்தான் இருக்கும். அதற்கு மேல், கடப்பிதழும் கையில் இருக்காது.

இது ஒன்றிரண்டு கெட்ட முதலாளிகளின் கதை என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். வெரிட்டே என்ற அமைப்பு அமெரிக்கத் தொழிலாளர் துறையின் நிதியுடன் மலேசிய எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் 501 பேரைச் சந்தித்து, 2014 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. கட்டாய உழைப்பு என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தவர்கள் 28 விழுக்காடு. அந்நியத் தொழிலாளர்களில் 94 விழுக்காட்டினர் தங்கள் கடப்பிதழ் நிறுவனத்திடமோ ஏஜெண்டிடமோ இருப்பதாகச் சொன்னார்கள். கேட்டால் திரும்பக் கிடைப்பது கடினம் அல்லது முடியவே முடியாது என்றவர்கள் 71 விழுக்காடு. நூற்றுக்கு 94 பேர் என்றால் அது விதிவிலக்கு அல்ல, அன்றைய தொழில்துறையின் நடைமுறையே அதுதான்.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. அதுவும் 1966-லிருந்து இருக்கிறது. நமது கடப்பிதழ்ச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, இன்னொருவருக்காக வழங்கப்பட்ட கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. தண்டனை 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இதில் மலேசியக் கடப்பிதழ், அந்நியக் கடப்பிதழ் என்ற பேதம் இல்லை.

இதோடு குடிநுழைவுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவை வைத்துப் பாருங்கள். செல்லத்தக்க அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்ததாகக் குற்றம் சாட்டப்படும் அந்நியருக்கும் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. கூடுதலாக ஆறு பிரம்படி வரை. தாள் இல்லாதவனுக்கும், அடுத்தவன் தாளைப் பூட்டி வைத்திருப்பவனுக்கும் ஏட்டில் கிட்டத்தட்ட ஒரே தண்டனைதான். நடப்பில் முதல் பிரிவின் கீழ் லாரி லாரியாக ஆட்களை ஏற்றுகிறார்கள். கடப்பிதழ்ச் சட்டத்தின் கீழ் ஒரு முதலாளி குற்றவாளிக் கூண்டில் நின்ற செய்தியை நாளிதழில் எப்போது படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் கடத்தல் பற்றிய அமெரிக்க அரசின் ஆண்டறிக்கை, மலேசியாவில் கடப்பிதழைப் பிடித்து வைப்பது பரவலாக இருப்பதையும் வழக்குகள் குறைவாக இருப்பதையும் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறது.

ஒரு காரணம் நிர்வாகத்திலேயே இருக்கிறது. கடப்பிதழும் குடிநுழைவும் உள்துறை அமைச்சின் கீழ் வருகின்றன. சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் எல்லாம் மனிதவள அமைச்சின் கீழ். தொழிலாளிக்கு இவை இரண்டு பிரச்சினைகள் அல்ல. சம்பளம் பாக்கி இருப்பதால்தான் கடப்பிதழைத் தரமாட்டேன் என்கிறார்கள், கடப்பிதழ் அவர்களிடம் இருப்பதால்தான் சம்பளத்தைப் பாக்கி வைக்க முடிகிறது. ஆனால் புகாரைக் கொண்டு போனால் அது இரண்டு கட்டடங்களுக்குப் பிரிந்து போகிறது.

இன்னொரு காரணம், அரசாங்கமே ஒரு காலத்தில் இதற்குக் கையெழுத்துப் போட்டது. வீட்டுப் பணிப்பெண்கள் தொடர்பாக மலேசியாவும் இந்தோனேசியாவும் 2006-இல் செய்துகொண்ட உடன்பாடு, பணிப்பெண்ணின் கடப்பிதழை முதலாளி பாதுகாப்பாக வைத்திருக்க இடம் கொடுத்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்பதை, நாற்பது ஆண்டுகள் கழித்து இரு அரசாங்கங்களின் ஒப்பந்தம் ஏற்றுக்கொண்டது! பணிப்பெண்கள் கொடுமைக்கு ஆளான செய்திகளுக்குப் பிறகு 2009-இல் இந்தோனேசியா ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. 2011 மே மாதத்தில் திருத்தப்பட்ட உடன்பாட்டில்தான் கடப்பிதழ் பணிப்பெண்ணிடமே இருக்கலாம் என்றும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்றும் எழுதினார்கள்.

கிள்ளானில் லாச்சி திறந்த கதை

பெரிய தொழிற்சாலைகளில் இந்த வழக்கம் ஆட்டம் கண்டது நமது அமலாக்கத்தால் அல்ல. அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு நின்றதால்தான்.

கிள்ளான் மேரு வட்டாரத்தில் ஆலைகளை வைத்திருக்கும் டோப் குளோவ், உலகின் ஆகப் பெரிய ரப்பர் கையுறை உற்பத்தியாளர். கோவிட் காலத்தில் உலகமே கையுறைக்கு அலைந்தபோது, 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அதன் இரு துணை நிறுவனங்களின் கையுறைகளைத் தடுத்து நிறுத்தியது. அதற்குச் சொன்ன காரணங்கள் நான்கு: கடன் பிணை, அளவு மீறிய மிகைநேர வேலை, அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்தல், மோசமான வேலை மற்றும் தங்குமிடச் சூழல். அதே ஆண்டு நவம்பரில் மேரு தங்கும் விடுதிகளில் கோவிட் தொற்று ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பரவியபோது, நெரிசல் எந்த அளவுக்கு இருந்தது என்பது நமக்கும் தெரிந்தது. டிசம்பரில் காஜாங்கில் இன்னொரு கையுறை நிறுவனத்தின் தொழிலாளர்கள் அடுக்கி வைத்த கொள்கலன்களில் தங்க வைக்கப்பட்டிருந்ததைக் கண்ட அன்றைய மனிதவள அமைச்சர் டத்தோஸ்ரீ எம். சரவணன், அதை நவீன அடிமைத்தனத்துக்கு ஒப்பிட்டார்.

டோப் குளோவ் ஆட்சேர்ப்புக் கட்டணமாகத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மொத்தம் சுமார் 13 கோடியே 60 லட்சம் ரிங்கிட். 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. இதற்கிடையே எஃப்ஜிவி, சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகியவற்றின் செம்பனை எண்ணெய்க்கும் 2020-இல் அதே தடை வந்தது. தொழிலாளி தானே சாவி வைத்துக்கொள்ளும் லாக்கர்களைத் தோட்டங்கள் பொருத்தவும் செய்தன.

இந்த வரலாற்றில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, வெட்கமும் உண்டு. ஐம்பதாண்டுக்கு மேலாக நம் சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரு வரியை அமல்படுத்த வாஷிங்டன் அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். அதனால் ஒரு விபரீதமும் உண்டானது. ஏற்றுமதி செய்யும் நிறுவனம்தான் பயப்படும். தோசைக்கு அமெரிக்கச் சுங்கத்துறையின் சோதனை கிடையாது.

நம்ம கடைகள்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா, மஸ்ஜிட் இந்தியா என்று எங்கே பார்த்தாலும் சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, துணிக்கடை, நகைப்பட்டறை, பூக்கடைகளில் வேலை செய்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன்கள். அவர்களின் முதலாளியும் தமிழ் பேசுபவர்தான். "தம்பி, பாஸ்போர்ட் என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும், ரூம்ல தொலைச்சிடுவே" என்று முதல் நாளே சொல்லி வாங்கிக்கொள்வார். தம்பியும் "சரிண்ணே" என்று கொடுத்துவிடுவான். அண்ணன் தம்பி என்று அழைத்துக்கொள்வதால், அங்கே நடப்பது என்ன என்பது இரண்டு பேருக்குமே உறைப்பதில்லை.

முதலாளிகள் சொல்லும் காரணத்தையும் கேட்க வேண்டும். சேவைத் துறையில் ஓர் ஆளுக்கு ஆண்டு லெவி 1,850 ரிங்கிட். 2018 ஜனவரியிலிருந்து அதை முதலாளிதான் கட்ட வேண்டும். விமான டிக்கெட், மருத்துவப் பரிசோதனை, பிணைப் பணம், காப்புறுதி எல்லாம் தனி. இவ்வளவும் கட்டி அழைத்து வந்த ஆள் மூன்றாவது மாதம் 200 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்கும் இன்னொரு கடைக்கு ஓடிவிட்டால் நட்டம் யாருக்கு? அந்த ஓடிப்போன ஆளை வேலைக்கு வைத்துக்கொள்வதும் பெரும்பாலும் இன்னொரு முதலாளிதான். சிறு கடைக்காரருக்கு இது உண்மையான நட்டம். இந்தத் துறைகளுக்குப் புதிய ஆட்கள் கிடைக்காமல் பல ஆண்டுகள் கதவு மூடியிருந்ததும், சங்கங்கள் அமைச்சு வாசலில் மனு கொடுத்தே களைத்ததும் உண்மை.

ஆனால் கடப்பிதழைப் பூட்டி வைத்தால் ஓட்டம் நிற்கிறதா? ஓடுகிறவன் கடப்பிதழை விட்டுவிட்டுத்தான் ஓடுகிறான். அந்த நிமிடமே அவன் ஆவணமற்றவனாகிறான். முதலாளி குடிநுழைவுத் துறையில் 'ஓடிவிட்டான்' என்று புகார் கொடுத்ததும் பெர்மிட்டும் போய்விடுகிறது. ஊருக்குத் திரும்பவும் வழியில்லாமல், யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேலை செய்யத் தயாராக, சோதனை நடக்கும்போதெல்லாம் பின்வாசல் வழியாக ஓடுகிறவனாக மாறுகிறான். சட்டவிரோதத் தொழிலாளர்கள் பெருகிவிட்டார்கள் என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அவர்களில் ஒரு பகுதியினர் சட்டப்படி விமானத்தில் வந்து இறங்கியவர்கள். நல்ல சம்பளம் கொடுத்து, தேதி தவறாமல் கொடுத்து, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு கொடுக்கும் கடையிலிருந்து ஆட்கள் ஓடுவது அபூர்வம். ஓட்டத்துக்கு மருந்து லாச்சியில் இல்லை என்பதைக் கடைக்காரர்களும் அறிவார்கள்.

ஓடாமல் இருப்பவனின் நிலையும் சொல்லத்தக்கதல்ல. வெளியே போனால் கையில் இருப்பது ஒரு நகல். வழியில் போலீஸ் நிறுத்தினால் முதலாளிக்குப் போன் போட வேண்டும். அவர் எடுக்காவிட்டால் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால், டிக்கெட் வாங்குவதற்கு முன் 'திரும்பி வருவேன்' என்பதற்கு உத்தரவாதமாக இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும். பல கடைகளில் இது எழுதப்படாத விதி. இப்படிப்பட்ட நிலையில் ஒருவன் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் எனக்கும் உண்டா என்று கேட்பானா? அவனுக்கும் உண்டு, அந்தச் சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. ஆனால் கேட்கும் வாயை லாச்சியின் பூட்டு அடைத்துவிடுகிறது.

தமிழர்களாகிய நமக்கு இது புதிய கதையும் அல்ல. நம் முன்னோரோடு அதே காலத்தில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை 'துண்டு' என்ற சீட்டு கட்டிப்போட்டிருந்தது. தொழிலாளியின் கடனை அடைத்துவிட்டால் அவனை விடுவிக்கத் தயார் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் தாள் அது. கங்காணியிடம் பட்ட கடனை இன்னொரு தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் ஆள் இடம் மாறலாம். மாறும்போது கடனும் அவனோடு மாறும். அந்த முறையை 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இங்கே மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அப்புறமும் தாள் நம்மை விடவில்லை. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, பிறந்து வளர்ந்த தோட்டத்தைவிட்டுப் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் இன்றும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். ஒரு தாள் கையில் இல்லாவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் இன்று கடை வைத்து, இன்னொருவனின் தாளைக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொள்கிறார் என்பதுதான் உறுத்துகிறது.

'எழுதி வாங்கிவிட்டேன்' போதுமா?

சில முதலாளிகள் உஷாராகிவிட்டார்கள். 'என் விருப்பப்படி கடப்பிதழை ஒப்படைக்கிறேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்புக்கு வகுத்திருக்கும் 11 அடையாளங்களில் ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று. அங்கே கேட்கப்படும் கேள்வி, கையெழுத்து இருக்கிறதா என்பதல்ல. அவன் கேட்டபோது கிடைக்குமா, கடப்பிதழை இழக்காமல் வேலையை விட முடியுமா என்பதே. விமான நிலையத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்து இறங்கிய முதல் இரவில், படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளில் போட்ட கையெழுத்தை விருப்பம் என்று சொல்வது நமக்கே கூச்சமாக இருக்க வேண்டும். இந்தியக் கடப்பிதழைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அந்நாட்டுச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. பிடித்து வைக்க முதலாளிக்கு மட்டுமல்ல, அடகு வைக்கத் தொழிலாளிக்கும் உரிமை கிடையாது.

ஏட்டில் பார்த்தால் காற்று முதலாளிக்கு எதிராகவே வீசுகிறது. கட்டாய உழைப்பு தொடர்பான அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறையில் மலேசியா 2022 மார்ச்சில் இணைந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் 90பி என்ற புதிய பிரிவு இருக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, ஒருவர் வேலையிடத்தைவிட்டுப் போகவிடாமல் தடுத்தால் அது கட்டாய உழைப்பு. ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பத்தாயிரம் ரிங்கிட்டைச் சில்லறையாக நினைத்தவர்கள்கூட இந்தத் தொகையைக் கவனிக்க வேண்டும்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. ஊழியர் தங்கும் அறையில் ஆளுக்கொரு சிறு லாக்கர், சாவி அவரவரிடம். பெர்மிட் புதுப்பிக்க கடப்பிதழை வாங்கினால், வாங்கிய தேதியும் திருப்பிக் கொடுத்த தேதியும் போட்டு இருவரும் கையெழுத்திடும் ஒரு நோட்டு. உணவக, முடிதிருத்துவோர் சங்கங்கள் புதிய ஆட்கள் கேட்டு அமைச்சிடம் மனு கொடுக்கும்போது, எங்கள் உறுப்பினர்களில் யாரும் கடப்பிதழைப் பிடித்து வைப்பதில்லை என்ற உறுதிமொழியையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த மனுவின் எடை கூடும். அரசாங்கம் செய்ய வேண்டியது, லெவி கட்டிய ஆள் முறையாக வேறு முதலாளியிடம் மாறினால் மீதிக் காலத்து லெவியைப் பழைய முதலாளிக்குத் திருப்பிக் கொடுப்பது. சிறு கடைக்காரரின் நியாயமான பயத்துக்கு அதுதான் பதில்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் படிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் சில வார்த்தை. கடப்பிதழின் முகப் பக்கத்தையும் பெர்மிட்டையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கடப்பிதழைத் திருப்பிக் கேட்பதை வாட்ஸ்அப்பில் கேளுங்கள், கேட்ட தேதிக்கு அதுவே சாட்சி. தரமறுத்தால் ஓடாதீர்கள். முதலில் போலீசில் புகார் செய்து நகலை வாங்குங்கள். சம்பளப் பாக்கிக்கு ஜேடிகே எனப்படும் ஆள்பல இலாகாவுக்குப் போங்கள். கோலாலம்பூரில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கும், ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா போன்ற அமைப்புகளுக்கும் தெரிவியுங்கள். இனி வரப்போகிறவர்களுக்கு ஒன்று: 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாட்களுக்கு விசா இல்லாமல் இங்கே வரலாம். அது சுற்றிப் பார்க்க. 'இப்படியே வந்துவிடு, பெர்மிட் அங்கே போட்டுக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஏஜெண்ட் உங்களை ஆவணமற்றவராகவே விமானத்தில் ஏற்றுகிறார்.

புகார் கொடுத்த பிறகு வரும் சிக்கலையும் மறைக்க வேண்டாம். முதலாளி பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால், வழக்கு முடியும் வரை நாட்டில் தங்க குடிநுழைவுத் துறையிடம் 'ஸ்பெஷல் பாஸ்' எடுக்க வேண்டும். மாதத்துக்கு 100 ரிங்கிட். அந்த பாஸில் வேலை செய்யவும் முடியாது. சம்பளம் வராததால் வழக்குப் போட்டவன், சம்பளமே இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டு, வாடகை கொடுத்து, அரசாங்கத்துக்கும் பணம் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பலர் பாதியிலேயே கைவிட்டு ஊர் திரும்புகிறார்கள். வழக்கு நடக்கும் காலத்தில் வேறு முதலாளியிடம் வேலை செய்ய அனுமதி என்ற ஒரே திருத்தம் வந்தாலும், 1966-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பார்கள். நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் உறுப்பினர்களில் யாராவது இந்தக் கேள்வியை மனிதவள அமைச்சரிடமும் உள்துறை அமைச்சரிடமும் ஒரே நாளில் எழுப்பலாம்.